சரிவுப் பலகை

அந்தக் கம்பெனியில் உட்காருகிறவனுக்குச் சம்பளம் அதிகம், நிற்கிறவனுக்குக் குறைவு, குனிகிறவனுக்கு அதைவிடக் குறைவு. பேக்கிங் பகுதியில் இருந்தவர்கள் எல்லோரும் குனிகிறவர்கள்.

இஸ்திரிப் பெட்டி செய்கிற கம்பெனி அது. ஒரு வாசலில் தகடும் வயரும் லாரி லாரியாக உள்ளே போகும். இன்னொரு வாசலில் பளபளவென்று அட்டைப்பெட்டி வெளியே வரும். கடைசியாகக் கை வைக்கிறவர்கள் பேக்கிங் பெண்கள்தான். தரையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிற அட்டையைக் குனிந்து எடுக்கவேண்டும், விரிக்கவேண்டும், அடியில் டேப் ஒட்டவேண்டும், தெர்மாகோல் வைத்து இஸ்திரிப் பெட்டியை இறக்கவேண்டும், மேலே இன்னொரு தெர்மாகோல், மூடி மறுபடி டேப். அப்புறம் மறுபடி குனியவேண்டும். சுவர் முழுக்க, ‘நாம் ஒரே குடும்பம்’ என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. குடும்பத்தில் யார் உட்காரலாம் என்று அதில் எழுதவில்லை. பேக்கிங் பகுதியில் நாற்காலியே கிடையாது. உட்கார்ந்தால் சோம்பல் வரும் என்று மேலே உட்கார்ந்துகொண்டு யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

கடைசி மேசையில் இருந்த பெண்ணை அந்தப் பகுதியே ‘அண்ணி’ என்றுதான் கூப்பிட்டது. வேலைக்கு வந்த புதிதில் அவளுக்கு அந்தப் பேர் இல்லை. அவளுடைய நாத்தனார் அதே மேசைக்கு வந்து சேர்ந்து, மூச்சுக்கு முந்நூறு தடவை அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் அது எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. சரக்கைத் தூக்கிப்போகிற லிஃப்ட் வண்டி ஓட்டுகிற கிழவர்கூட, “அண்ணி, நகருங்க” என்பார்.

அண்ணிக்குக் காலில் நரம்பு சுருண்டு கிடந்தது. முழங்காலுக்குக் கீழே பச்சைப் புழு நெளிகிற மாதிரி இருக்கும். டாக்டர், “நிற்கக் கூடாதும்மா” என்றார். “நிக்காட்டி சம்பளம் தரமாட்டான் டாக்டர்” என்றாள். “அப்ப அப்பப்ப உட்காருங்க” என்றார் டாக்டர், ஏதோ அவருடைய கிளினிக்கில் நாற்காலி போடுகிற மாதிரி.

எனவே அண்ணி தானே ஒரு வழி செய்துகொண்டாள். உடைந்துபோன பலகைகளை ஸ்கிராப் குவியலிலிருந்து இழுத்து வந்து, மேசைக்குப் பக்கத்தில் சரிவாக நிறுத்தினாள். அட்டைகளை அதன்மேல் நெட்டுக்குத்தலாக அடுக்கினாள். ஒன்றை உருவினால் அடுத்தது தானாகச் சரிந்து கைக்கு வரும். குனிய வேண்டியதே இல்லை. அவ்வளவுதான் விஷயம். நாலு பலகை, கொஞ்சம் கயிறு. ஆனால் அந்தச் சரிவு, அந்த மேசையில் இருந்த மூன்று பெண்களுடைய இடுப்பையும் காப்பாற்றியது. காப்பாற்றியது போக நேரமும் மிச்சம் வைத்தது.

அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் அண்ணியின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. கூடுதலாக ஒரு பெட்டிகூட அவள் கட்டவில்லை. கட்டி முடித்த பெட்டிகளை மேசைக்குப் பின்னால் சுவர் மாதிரி அடுக்கி, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். முறை வைத்து ஒருத்தி உள்ளே போய் உட்கார்ந்து காலை நீட்டுவாள். மற்ற இரண்டு பேரும் கட்டுவார்கள். அந்த மேசைக்கு என்ன கணக்கோ அந்தக் கணக்கு சாயங்காலம் சரியாக இருக்கும்.

நாத்தனார் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அண்ணி பாடம் சொல்லிவிட்டாள். “இங்க பாரு. கணக்குக்குக் குறைஞ்சா திட்டுவான். கூடினா பாராட்டுவான். பாராட்டுக்குத்தான் பயப்படணும். இன்னைக்குக் கூடக் கட்டினது நாளைக்கு அதுவே கணக்காயிரும். உனக்கு வேகமா கை ஓடினா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற மாதிரி மறைச்சுக்க.”

நாத்தனார் தலையை ஆட்டினாள். அவளுக்கு இருபத்தி மூன்று வயது, டிப்ளமோ படித்தவள். இவ்வளவு பெரிய கம்பெனி நம்மைக் கவனிக்காமலா இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். கம்பெனி தினமும் அவளைக் கவனித்தது. உள்ளே வரும்போது பையைத் திறந்து பார்த்தது, வெளியே போகும்போது உடம்பைத் தடவிப் பார்த்தது.

அவளுக்குச் சிவப்புத் தொப்பியின் மேல் கண். சிவப்புத் தொப்பி என்றால் பகுதி லீடர். பகுதி முழுவதிலும் அவனுக்கு மட்டும்தான் ஒரு உயர முக்காலி உண்டு. அப்போது இருந்த சிவப்புத் தொப்பி ஓய்வு பெறப்போகிறவர். முக்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றிருந்த நல்ல மனிதர். சரிவுப் பலகையைப் பார்த்தும் பார்க்காமல் போவார்.

“அடுத்த தொப்பி எனக்குத்தான் அண்ணி,” என்பாள் நாத்தனார். “எனக்குப் படிப்பு இருக்கு. டேப் ஒட்டவா படிச்சேன்?”

“தொப்பி வந்தா தலை சூடாகும்டி,” என்பாள் மேசையின் மூன்றாவது ஆள். அவளுக்கு ‘ஊமை’ என்று பேர். வாய் ஓயவே ஓயாது என்பதால் வைத்த பேர். “தலை சூடானா மூளை வெந்துரும். மேல இருக்கறவங்களைப் பாரு, எல்லாம் வெந்ததுதான்.”

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் பகுதி முழுவதையும் வட்டமாக நிற்கவைத்துக் கை தட்டச் சொல்வார்கள். எதற்கு என்று கேட்கக் கூடாது. தட்டி முடித்ததும் மனிதவளத்து அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, “யாருக்காவது யோசனை இருக்கா?” என்பாள். நல்ல யோசனைக்குப் பரிசு உண்டு. வழக்கமாக ஒருத்தர், “லைட்டு பளிச்னு இருந்தா நல்லாருக்கும் மேடம்” என்பார். அம்மா, “அருமை” என்பாள். எல்லோரும் மறுபடி தட்டிவிட்டுப் போவார்கள். லைட்டு அப்படியே இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை நாத்தனார் கையை உயர்த்தினாள்.

அண்ணி அவள் புடைவை முந்தானையை இழுக்கலாம் என்று கை நீட்டினாள். ஆனால் எல்லோருக்கும் ஓவர்கோட்டுதான். இழுக்க முந்தானை இல்லை. நாத்தனார் முன்னால் போய் மைக்கை வாங்கிவிட்டாள்.

“எங்க மேசையில ஒரு முறை வச்சிருக்கோம் மேடம்,” என்றாள். “சரிவா ஒரு பலகை. குனியவே வேண்டாம். ரொம்ப நேரம் மிச்சமாகுது.”

“ரொம்ப நேரம்னா?” என்றாள் அம்மா. முதல் தடவையாக அவள் முகத்தில் உயிர் வந்தது.

“உட்கார்ந்து ரெஸ்ட் எடுக்கற அளவுக்கு மேடம்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் ஒரு நுணல்தான் கெடும். இது மைக்கில் கத்திய நுணல். ஊமை அண்ணியின் காதோடு, “போச்சு” என்றாள்; வாழ்க்கையிலேயே அவள் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணியும் தட்டினாள். தட்டாமல் நின்றால் அதற்கும் கேள்வி கேட்பார்கள்.

நாளை மறுநாள் ‘நிமிஷம்’ வருவான் என்று அன்றைக்கே செய்தி வந்தது. நிமிஷம் என்பது ஒரு இன்ஜினியர். கழுத்தில் நிறுத்துக் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, யார் எந்த வேலையை எவ்வளவு நேரத்தில் செய்கிறார்கள் என்று அளப்பதே அவன் பிழைப்பு. கழிவறைக்குப் போகிறவர்களையும் அளந்திருக்கிறான். அவன் அளப்பதுதான் கணக்கு. அவன் நிற்கும்போது கை எவ்வளவு வேகமோ அதுதான் விதி.

அன்று மாலை வீட்டில், அடுப்படியில் வைத்து, அண்ணி நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள்.

“செஞ்சது செஞ்சுட்டே. போகட்டும். புதன்கிழமை அவன் வந்து நிக்கும்போது கையை அடக்கு. நான் மெதுவாத்தான் செய்வேன். ஊமையும் மெதுவாத்தான் செய்வா. பலகை இருந்தாலும் பெரிசா ஒண்ணும் மிச்சமாகலைன்னு அவன் எழுதிட்டுப் போயிருவான். பலகை நம்மகிட்டயே இருக்கும். புரியுதா?”

“அது ஏமாத்துறதில்லையா அண்ணி?”

“உன்னைக் குனிய வச்சுச் சம்பாதிக்கறவன் நாற்காலியில உட்கார்ந்திருக்கான். அவனை யாரு ஏமாத்த முடியும்?”

நாத்தனாரின் அண்ணன் கூடத்தில் டீவி பார்த்துக்கொண்டிருந்தான். “சின்னப் பொண்ணு, ஆசைப்படறா. விடேன்” என்றான்.

“உங்க தங்கச்சி ஆசைக்கு என் காலைக் கேக்கறா,” என்றாள் அண்ணி. அவன் டீவி சத்தத்தைக் கூட்டினான்.

கடைசியில் நாத்தனார், “சரி அண்ணி. மெதுவாவே செய்யறேன்” என்றாள். சத்தியம்கூடச் செய்ய வந்தாள். அண்ணிதான் வேண்டாம் என்றுவிட்டாள்.

புதன்கிழமை நிமிஷம் தனியாக வரவில்லை. கூடவே பெரிய சாரும் வந்தார். பெரிய சார் பேக்கிங் பகுதிக்கு வந்தாரென்றால், வானத்திலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி எல்லோரும் நெளிவார்கள். அவருடைய ஷூ தரையில் பட்ட இடத்தை ஒருவன் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தான்.

முதலில் அண்ணி செய்து காட்டினாள். அட்டையை உருவினாள், பார்த்தாள், ஏதோ சந்தேகம் வந்த மாதிரி மறுபடி பார்த்தாள், விரித்தாள், டேப்பின் நுனியைத் தேடினாள். நிமிஷம் கொட்டாவி விட்டான். ஊமை அவளையும் மிஞ்சினாள். டேப் ஒட்டும்போது நிமிஷத்தின் கல்யாணம் எப்போது, பெண் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டாள். அவன், “பேசாம செய்யுங்கம்மா” என்றான். “பேசினாத்தான் சார் எனக்குக் கை ஓடும்” என்றாள். அவன் ஏதோ எழுதினான். எழுதின முகத்தில் ஏமாற்றம் இருந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பெரிய சார் நாத்தனார் பக்கம் திரும்பினார். “யோசனை சொன்ன பெண் நீங்கதானே? உங்களை மாதிரி படிச்சவங்கதான் நாளைக்கு இந்தப் பகுதியை நடத்தணும். எங்கே, காட்டுங்க பார்க்கலாம்.”

நாளைக்கு நடத்தணும் என்ற சொல்தான் போதுமாயிருந்தது. நாத்தனாரின் கை பறந்தது. அட்டை உருவப்பட்டதும் தெரியவில்லை, விரிந்ததும் தெரியவில்லை. டேப் கிழிகிற சத்தம் பட்டாசுச் சரம் மாதிரி கேட்டது. நிமிஷத்தின் கொட்டாவி பாதியில் நின்றது. ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று அவள் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனாள். அண்ணி ஒரு தடவை இருமினாள். இன்னொரு தடவை பலமாக இருமினாள். நாத்தனார் திரும்பவே இல்லை. அவள் காதில் தொப்பி விழுந்திருந்தது.

“பிரமாதம்,” என்றார் பெரிய சார்.

“பிரமாதம் சார்,” என்றான் நிமிஷம்.

தரையைத் துடைக்கிறவனும் பிரமாதம் என்றான்.

அடுத்த வாரம் எல்லா மேசைக்கும் சரிவுப் பலகை வந்தது. உடைந்த பலகையில்லை, நீலப் பெயின்ட் அடித்த இரும்பு. கூடவே புதுக் கணக்கும் வந்தது, நாத்தனாரின் கை அளந்து கொடுத்த கணக்கு. பெட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்கக் கூடாது என்று ஒரு உத்தரவு. கவிழ்த்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் கூடையை ஸ்டோர்காரன் வந்து, திருட்டுப் பொருளை மீட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எடுத்துப் போனான். மற்ற மேசைப் பெண்கள் நாத்தனாரைக் கடந்து போகும்போது காறித் துப்புகிற மாதிரி தொண்டையைச் செருமினார்கள். ஒருத்தி அண்ணியிடமே வந்து, “உங்க வீட்டுப் பொண்ணுக்குக் கை எதுல செஞ்சது? கழட்டி வைக்க முடியுமா?” என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பரிசு கொடுத்தார்கள். வண்ணத்தாள் சுற்றி, நாடா கட்டி. எல்லோர் முன்னாலும் நாத்தனார் பிரித்தாள். உள்ளே இஸ்திரிப் பெட்டி.

“நம்ம மேசையில கட்டினதுதான்,” என்றாள் ஊமை சத்தமாக. “டேப்பு கோணலா இருக்குது பாரு, அது என் கை.”

தூங்குகிற சிவப்புத் தொப்பி அந்த மாதமே ஓய்வு பெற்றார். நாத்தனார் மூன்று நாள் தலைக்கு எண்ணெய் வைக்காமல், தொப்பி அழுக்காகக் கூடாது என்று முடியைப் பஞ்சு மாதிரி வைத்திருந்தாள். நாலாம் நாள் ஒரு பையன் வந்து முக்காலியில் உட்கார்ந்தான். புதுத் தொப்பி, புது செண்டு வாசனை. வாழ்நாளில் ஒரு பெட்டிகூட ஒட்டாதவன் என்பது அவன் டேப்பைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. எல்லோரையும் ‘டீம்’ என்று கூப்பிட்டான்.

நாத்தனார் மனிதவளத்து அம்மாவைப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் வெந்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது.

“என்னடி சொன்னா?” என்றாள் ஊமை.

“என்னை மாதிரி ஒரு கை இந்தப் பகுதியிலேயே கிடையாதாம். அதை மேசையை விட்டு எடுத்தா கம்பெனிக்கு நஷ்டமாம்.”

ஊமை சிரித்த சிரிப்பில் டேப் கையிலிருந்து விழுந்தது. அண்ணி சிரிக்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் படட்டும். அவளுக்கு எட்டவேண்டியது ஒரு கவிழ்த்த கூடை. அதுவும் போயிற்று.

கடிகாரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் பறந்த கை, நாள் முழுக்கப் பறக்குமா? பத்து நாளில் நாத்தனாரின் விரல்களெல்லாம் பிளாஸ்திரி. மத்தியானத்துக்கு மேல் அவள் பக்கத்தில் கட்டாத பெட்டி குவியும். கணக்கு ஆளுக்கு ஆள் இல்லை, மேசைக்குத்தான். ஒருத்தி பின்தங்கினால் மற்ற இரண்டு பேரும் இழுக்கவேண்டும். அண்ணி இழுத்தாள். சாயங்காலம் காலில் இருக்கிற பச்சைப் புழுவெல்லாம் கயிறு திரித்த மாதிரி நிற்கும்.

“விடுங்க, நல்லா மாட்டட்டும்,” என்றாள் ஊமை.

“மாட்டினா நாமளும்தான் மாட்டுவோம்.”

ஒருநாள் நாத்தனார் தலையைத் தூக்காமல், “அண்ணி, வேற ஏதாவது வழி யோசிங்களேன்” என்றாள்.

அண்ணியிடம் வழி இருந்தது. இரண்டு நாளாகவே இருந்தது. எல்லோரும் பெட்டியை ஒட்டிவிட்டு அதற்குள் பொருளை இறக்கினார்கள். பொருளுக்கு இரண்டு பக்கமும் தெர்மாகோலை மாட்டி மேசையிலேயே நிறுத்திவிட்டு, அதன்மேல் பெட்டியைச் சட்டை மாட்டுகிற மாதிரி இறக்கினால், ஒரு புரட்டல் மிச்சம், ஒரு தூக்கல் மிச்சம். கழிவறைக்குப் போகிற வழியில் தோன்றியது. ஒரே ஒரு தடவை, யாரும் பார்க்காதபோது செய்தும் பார்த்துவிட்டாள். முன்பைவிட நிறைய மிச்சமாகும்.

“உன் வாய் இருக்கிற மேசையில எனக்கு யோசனை வராதும்மா,” என்றாள்.

மறுநாள் அவள் செண்டுத் தொப்பியிடம் போனாள். “தம்பி, எதிர்க் கோடியில இருக்கிற மேசை ரொம்ப மெதுவா ஓடுது. என்னையும் ஊமையையும் அங்க போட்டீங்கன்னா தேறும். இங்க வேகமான கை ஒண்ணு இருக்குதே, அதுக்கு அங்க இருக்கிற ரெண்டு சின்னப் பொண்ணுங்களைக் குடுத்தா போதும்.”

தொப்பி யோசித்தான். யோசிக்கிற மாதிரி முகத்தை வைக்க அவன் படித்திருந்தான். “நான்கூட இதையேதான் நினைச்சேன்” என்றான். திங்கட்கிழமை வட்டத்தில் அதைத் தன் யோசனையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினான். அவனுக்கும் ஒரு இஸ்திரிப் பெட்டி கிடைத்தது.

வீட்டில் கணவன் கேட்டான். “சொந்த நாத்தனாரை விட்டுட்டு வேற மேசைக்குப் போயிட்டியாமே. அழறா.”

“வீட்டுல அவ உங்க தங்கச்சி. சோறு போடறேன், விரலுக்கு மருந்தும் போட்டுவிடறேன். அங்க அவ கம்பெனியோட தங்கச்சி. அதான் சுவத்துல எழுதியிருக்கே, ஒரே குடும்பம்னு. அவங்க பாத்துக்குவாங்க.”

டீவி ஓடிக்கொண்டிருந்தது.

கோடி மேசையில் பழைய ஆட்களில் மிச்சம் இருந்தது ஒரு விதவைப் பெண். வாய் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்படி இருப்பாள். அண்ணி ஒரு வாரம் அவளைக் கவனித்தாள். அதற்கப்புறம்தான் பெட்டியைச் சட்டை மாதிரி மாட்டிக் காட்டினாள். விதவை பார்த்தாள். தானும் ஒன்று மாட்டினாள். எதுவும் கேட்கவில்லை. அப்புறம் அவளாகவே போய், எங்கிருந்தோ ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் உருட்டிவிட்டாள். பெட்டிச் சுவர் கூடாது என்று உத்தரவு இருந்தது. லிஃப்ட் கிழவர், எடுத்துப்போகவேண்டிய சரக்கைக் கொஞ்சம் தாமதமாக எடுக்கக் கூடாது என்று உத்தரவு இல்லை. “இடுப்புப் பிடிச்சிருக்கு அண்ணி, மெதுவாத்தான் வருவேன்” என்றார் கிழவர், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

தன் முறை வந்ததும் அண்ணி சரக்குக்குப் பின்னால் போய் டப்பாவில் உட்கார்ந்தாள். இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் ஒரு கை அகலத்துக்குச் சந்து இருந்தது. அது வழியாகப் பழைய மேசை தெரிந்தது. நாத்தனார் பெட்டியைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டிவிட்டுக் கழுத்தைச் சொடுக்க நிமிர்ந்தவள், கோடி மேசையைப் பார்த்தாள். இரண்டு பேர்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் பெட்டி மேலிருந்து இறங்குவதைப் பார்த்தாள். பார்வை மெல்லச் சந்துக்கு வந்தது. அண்ணியின் கண்ணில் வந்து நின்றது.

அண்ணி கண்ணை எடுக்கவில்லை.

முக்காலியிலிருந்து இறங்கிய செண்டுத் தொப்பி, “டீம், யாருக்காவது ஏதாவது யோசனை?” என்று கேட்டுக்கொண்டே மேசை மேசையாக வந்தான். அவனுக்கு இரண்டாவது இஸ்திரிப் பெட்டி தேவைப்பட்டது. நாத்தனாரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். நாத்தனார் அவனைப் பார்த்தாள், அவன் தொப்பியைப் பார்த்தாள், மறுபடி அந்தச் சந்துப் பக்கம் பார்த்தாள்.

“லைட்டு பளிச்னு இருந்தா நல்லாருக்கும் சார்,” என்றாள்.

“அருமை,” என்று சொல்லிவிட்டு அவன் நகர்ந்தான்.

இதைக் கேட்டு அண்ணி உருகிவிடவில்லை. இன்றைக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாளைக்குப் பெரிய சார் வந்து சிரித்தால் அந்தக் கை என்ன செய்யும், அந்த வாய் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும். அதுவரைக்கும்தான் இந்த டப்பா. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் எதிர் அடுக்கின் மேல் தூக்கிப் போட்டாள். ஊமை வெளியிலிருந்து, “போதும் எழுந்திருங்க, என் முறை வந்தாச்சு” என்றாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு,” என்றாள் அண்ணி, கண்ணை மூடிக்கொண்டு.